கவாத்தும் இலக்கணமும்

தமிழ்த்துறை மலருக்குக் காவலர் பயிற்சியைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னபோது, உடன் பணியாற்றும் நண்பர் ஒருவர், "புறத்திணையோடு நிறுத்திக்கொள்ளக் கூடாதா?" என்று நகைத்தார். அவருக்கு விடையாக ஒரே ஒரு சொல்லைச் சொன்னேன். கவாத்து. திடலில் காவலரும் படைஞரும் செய்யும் பயிற்சிக்கு நம் மக்கள் வழங்கி வரும் பெயர் அது. அரபு மொழியில் 'கவாயித்' என்பது விதிகளைக் குறிக்கும் பன்மைச் சொல். மொழியின் இலக்கணத்துக்கும் அங்கே அதுவே பெயர். உருது மொழிக்கு வந்தபின் இலக்கணம், படைப்பயிற்சி ஆகிய இரு பொருளையும் அச்சொல் சுமந்தது. தமிழுக்குள் நுழைந்தபோது இலக்கணம் என்னும் பொருள் உதிர்ந்துவிட, பயிற்சி மட்டும் எஞ்சி நின்றது. வீட்டில் உருதும் வகுப்பில் தமிழுமாக வாழ்கின்றவர்கள் ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதியில் மிகப் பலர். அவர்களுள் ஒருவனாகிய எனக்கு, உதிர்ந்துபோன அந்தப் பொருளின் மீதே எப்போதும் கண்.

பேச்சுக்கு இலக்கணம் எதுவோ, வலிமைக்குக் கவாத்து அது. அரசு தன் குடிமக்கள் மீது கை வைக்கும் உரிமையைச் சீருடை அணிந்த ஒருவரிடம் ஒப்படைக்கிறது. அந்தக் கை எங்கே தொடலாம், எவ்வளவு அழுத்தலாம், எப்போது விலகவேண்டும் என்பதற்கு விதி உண்டு. அவ்விதியைக் காவலருக்குக் கற்பிப்பவர் யார், அவருக்குக் கற்பித்தவர் யார் என்னும் வினாவை நாம் எழுப்புவதே இல்லை. ஆசிரியர் கல்வியியல் கல்லூரிகளைப் பற்றி ஓயாமல் விவாதிக்கின்ற நாம், காவலரின் ஆசிரியர் எங்கே உருவாகிறார் என்பதை எண்ணிப் பார்த்ததில்லை.

நம் மண்ணுக்கு இப்பொருளோடு தொடர்பு மிகப் பழையது. ஆங்கிலேயர் காலத்திலேயே காவலர் பயிற்சி நிலையம் வேலூரில் அமைந்தது. கோட்டைக்குள் திப்பு மகால், ஐதர் மகால் என்று பெயர் பெற்ற கட்டடங்களின் அருகே காவலர்கள் பயிற்சி பெறும் காட்சி, சலகண்டேசுவரர் கோயிலுக்குச் செல்வோருக்கும் பள்ளிவாசலையும் தேவாலயத்தையும் பார்க்க வருவோருக்கும் பல தலைமுறையாகப் பழக்கமான ஒன்று. அதே கோட்டையில்தான் 1806 ஜூலை 10ஆம் நாள் சிப்பாய்களின் எழுச்சி வெடித்தது. அதற்கு உடனடிக் காரணம் யாதென்று மாணவர் அறிவர். முந்தைய ஆண்டின் இறுதியில் வந்த ஒழுங்குமுறை ஆணை அது. நெற்றியில் சமயக் குறி கூடாது, காதணி கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தோலாலான குஞ்சம் வைத்த புதிய தலைப்பாகை அணிய வேண்டும் என்று அந்த ஆணை கட்டளையிட்டது. எதிர்த்தவர்களுக்குக் கசையடி கிடைத்தது. நான் இதைக் குறிப்பிடுவது விடுதலை வரலாற்றுப் பெருமைக்காக மட்டும் அன்று. பயிற்சி என்ற பெயரில் ஒருவனை இழிவுபடுத்தினால், அந்த இழிவு அவனோடு நின்றுவிடாது. ஒருநாள் எவர் மீதாவது அது திரும்பிப் பாயும். வேலூரில் அது ஆணையிட்டவர்கள் மீதே பாய்ந்தது. பெரும்பாலும் அது பாய்வது எளியவர் மீதுதான்.

அண்மைக் காலத்துக்கு வருவோம். 2015 ஜூன் மாதம் நம் ஆம்பூர் எப்படி இருந்தது என்பதைப் பெரியவர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. பெண்ணொருவர் காணாமற்போன வழக்கில் பள்ளிகொண்டா காவல் நிலையத்தில் விசாரிக்கப்பட்ட 26 வயது இளைஞர் ஒருவர் மருத்துவமனையில் உயிரிழந்தார். விசாரணையில் அடிக்கப்பட்டதே காரணம் என்று குடும்பத்தார் குற்றஞ்சாட்டினர். 27ஆம் நாள் இரவு ஊர் கொந்தளித்தது. கற்கள் பறந்தன, வாகனங்கள் எரிந்தன. காவலர் பலர் காயமுற்றனர். அவர்களுள் பெண் காவலரும் இருந்தனர். நம் இளைஞர் பலர் நெடுங்காலம் நீதிமன்றப் படியேறினர். ஓர் அறைக்குள் நிகழ்ந்ததாகச் சொல்லப்பட்ட ஒன்றின் விலையை ஓர் ஊரே கொடுத்தது. ஐந்தாண்டு கழித்து அதே ஜூன் மாதத்தில் சாத்தான்குளத்தில் வணிகரான தந்தையும் மகனும் இறந்தனர். மேலும் ஐந்தாண்டு கழித்து, 2025 ஜூனில், சிவகங்கை மாவட்டத்தில் கோயில் காவலாளி ஒருவர்.

என்னிடம் படித்து இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்த மாணவர் ஒருவர் சென்ற ஆண்டு பெருநாள் கழித்து வீட்டுக்கு வந்திருந்தார். பேச்சு பயிற்சியைப் பற்றித் திரும்பியது. ஏழு மாதப் பயிற்சியில் அணிவகுப்புக்குத் தேய்ந்த காலணிகளைப் பற்றிச் சிரித்துக்கொண்டே சொன்னார். "ஆயுதம் இல்லாமல் ஒருவரைப் பிடிப்பதற்கு என்ன கற்பித்தார்கள்?" என்று கேட்டேன். "சில வகுப்புகள் இருந்தன ஐயா. நிறைவு விழாவில் செய்து காட்டுவதற்காக முப்பது பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். நான் அந்த முப்பதில் இல்லை" என்றார். பணிக்கு வந்து பதினோரு ஆண்டுகளில் அதன்பின் ஒருநாள்கூட அந்தப் பயிற்சி கிடைக்கவில்லையாம்.

பிறகு அவரே ஒரு நிகழ்ச்சியைச் சொன்னார். திருவிழா இரவு ஒன்றில் குடித்துவிட்டுக் கலாட்டா செய்த ஒருவனை வண்டியில் ஏற்ற வேண்டியிருந்தது. நான்கு காவலர்கள். நால்வரும் நான்கு திசையில் இழுத்தார்கள். நால்வரும் நான்கு கட்டளையிட்டார்கள். ஒருவர் "படு" என்கிறார், இன்னொருவர் "எழுந்திரு" என்கிறார். அவன் எதற்குப் பணிவான்? கூட்டம் கைப்பேசியைத் தூக்கிப் படம் பிடிக்கிறது. கடைசியில் அவனுடைய தோள்மூட்டு விலகியது. ஒரு காவலருக்கு மணிக்கட்டு முறிந்தது. "எங்களுக்கு அவன்மேல் கோபமே இல்லை ஐயா. பயந்துவிட்டோம், அவ்வளவுதான்" என்றார். அந்தச் சொல் என்னை உறங்கவிடவில்லை. கைத்திறன் இல்லாதபோது அச்சம் வருகிறது, அச்சம் வந்ததும் கை லத்தியைத் தேடுகிறது. தலையையும் கழுத்தெலும்பையும் விலக்கவேண்டும் என்ற லத்திக் கவாத்தின் விதி அந்த நேரத்தில் எவருக்கு நினைவிருக்கும்?

திறமான பயிற்றுநர் ஒருவர் இந்த நால்வருக்கும் என்ன கற்பித்திருப்பார்? ஒருவர் மட்டுமே பேசவேண்டும் என்பதை முதலில். இருவர் ஆளுக்கொரு கையை முழங்கைக்கு மேலும் மணிக்கட்டிலுமாகப் பற்றவேண்டும், நான்காமவர் கூட்டத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதை அடுத்து. தரையில் சாய்க்க நேர்ந்தால் குப்புறக் கிடத்தி முதுகில் அழுத்தக் கூடாது என்பதை எல்லாவற்றிலும் மேலாக. குடித்திருப்பவன், பருத்த உடலினன், ஓடி இளைத்தவன் ஆகியோர் குப்புறக் கிடக்கும்போது மேலே பாரம் ஏறினால் மார்புக்கூடு விரியாது. மூச்சு முட்டுவதால் அவன் திமிறுவான். திமிறுவதை எதிர்ப்பு என்று எண்ணி மேலும் அழுத்துவார்கள். சில நிமிடத்தில் உயிர் போய்விடும். கட்டுக்குள் வந்தவுடன் பக்கவாட்டில் திருப்பிவிட வேண்டும், அல்லது உட்கார வைத்துவிட வேண்டும். இந்த ஒரு பாடத்தைச் சரிவரக் கற்பித்தாலே எத்தனையோ தாய்மார் தம் பிள்ளைகளை இழக்காதிருப்பர்.

அமெரிக்காவின் மினியாபொலிசு நகரில் 2020 மே 25 அன்று ஜார்ஜ் பிளாய்டு இறந்த வரலாற்றை உலகம் அறியும். ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஒரு காவலரின் முழங்கால் அவர் கழுத்தின் மேல் இருந்தது. வழக்கு விசாரணையில் அந்நகரக் காவல்துறையின் பயிற்சிப் பொறுப்பாளர்களே சாட்சி சொன்னார்கள். நாங்கள் கற்பித்தது இதுவன்று என்பது அவர்கள் சாட்சியத்தின் சாரம். ஆயினும் அந்த நிகழ்ச்சியில் என் நெஞ்சைத் தொட்டது வேறொன்று. அங்கிருந்த இளைய காவலர்களுள் ஒருவர், இவரைப் பக்கவாட்டில் திருப்பலாமா என்று இருமுறை கேட்டார். அவர் பணியில் சேர்ந்து சில நாள்களே ஆகியிருந்தன. பள்ளியில் படித்த பாடம் அவருக்கு நினைவிருந்தது. வேண்டாம் என்று மறுத்தவரோ புதியவர்களுக்குக் களத்தில் பயிற்சியளிக்கும் பொறுப்பில் இருந்த மூத்த காவலர். வகுப்பறை ஆசிரியர் கற்பித்த சரியான பாடத்தைத் தெருவில் நின்ற ஆசிரியர் அழித்துவிட்டார். ஆகவே காவலருக்குப் பாடம் சொன்னால் போதும் என்று நான் சொல்ல வரவில்லை. பாடம் சொல்பவர்களை யார் எப்படி ஆக்குகிறார்கள் என்பதே என் கவலை.

நல்ல மல்லன் நல்ல ஆசானாவான் என்று பலரும் நினைக்கிறார்கள். அவ்வாறன்று. ஜப்பானில் சூடோ கலையை உருவாக்கிய கானோ சிகோரோ 1882இல் தோக்கியோவில் ஒரு கோயிலின் சிற்றறையில், பன்னிரண்டு பாய்கள் விரித்து, சில மாணவர்களோடு தொடங்கினார். அப்போது அவருக்கு 21 வயது. பின்னாளில் ஆசிரியர்களை உருவாக்கும் உயர் பயிற்சிக் கல்லூரியின் தலைவராக இருபதாண்டுக்கு மேல் இருந்தவர் அவர். அவரது சிறப்பு, பழைய மற்போர் முறைகளில் எலும்பை முறிக்கும் பிடிகளைப் பயிற்சி ஆட்டத்திலிருந்து நீக்கியதாகும். நீக்கியதால் கலை மெலிந்தது என்று பிறர் எள்ளினர். நடந்ததோ வேறு. ஆபத்தான பிடி இல்லாமையால் மாணவர்கள் முழு வலுவோடு, நாள்தோறும், உண்மையாகவே மோதிப் பழக முடிந்தது. செய்து காட்டி மட்டும் பழகியவர்கள் அவர்களிடம் தோற்றனர். தோக்கியோ காவல்துறை அவர் கலையை ஏற்றுக்கொண்டது. எதைக் கற்பிப்பது என்று அறிந்தவர் பலர். எதை விட்டுவிடுவது என்று அறிந்தவரே ஆசிரியருக்கு ஆசிரியராகிறார். நம் பாடத்திட்டக் குழுவினருக்கும் இது பொருந்தும், அதை இங்கே விரிக்க வேண்டாம்.

எதிர்த்திசையிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1907இல் சாங்காய் நகரக் காவலில் சேர்ந்த பேர்பெர்ன் என்னும் ஆங்கிலேயர், கொலையும் கொள்ளையும் மலிந்த அந்நகரக் காவலருக்காகக் கீழைநாட்டு மற்கலைகளைக் கற்றுத் தமக்கென ஒரு தற்காப்பு முறையை வகுத்தார். 1926இல் அதை நூலாக்கினார். இரண்டாம் உலகப் போரில் அதே மனிதர் அதிரடிப் படையினருக்கு ஆசிரியரானபோது, பிடித்து நிறுத்தும் கலை கொன்று முடிக்கும் கலையாயிற்று. ஆசிரியர் மாறவில்லை. நோக்கம் மாறியது. படைக்கு எதிரி உண்டு. காவலருக்கு எதிரி இல்லை, பிடிபடுபவன் நாளை நீதிமன்றத்தில் உயிரோடு நிற்கவேண்டிய குடிமகன். படைப்பயிற்சி பெற்றவரை அப்படியே காவலருக்குப் பயிற்றுநராக்கும் வழக்கம் எங்கிருந்தாலும் அதை நான் ஐயத்தோடுதான் பார்ப்பேன்.

நம் வர்ம ஆசான்கள் இந்த வேறுபாட்டை நன்குணர்ந்தவர்கள். அடிக்கும் இடத்தைக் கற்பித்தால், அந்த அடியை இளக்கும் முறையையும் சேர்த்தே கற்பிப்பது அவர்கள் மரபு. இளக்குமுறை அறியாதவனுக்கு அடிமுறை இல்லை. கைது செய்யும் பிடியைக் கற்பிக்கும் அதே வகுப்பில் மூச்சைப் பார்ப்பதும் முதலுதவி செய்வதும் கற்பிக்கப்பட்டால் அது நம் மரபேயாகும்.

நன்னூலார் பொதுப்பாயிரத்தில் ஆசிரியராகத் தகாதவருக்குச் சொன்ன நான்கு உவமைகளை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் இந்தப் பயிற்றுநர் சிக்கல் என் நினைவுக்கு வரும். கழற்குடம் போன்றவர், தாம் கற்ற வரிசையில் தர இயலாமல் கைக்கு வந்ததை முதலில் கொட்டுபவர். நிற்கவே தெரியாதவனுக்கு எறியக் கற்பிப்பவர் இவர்தாம். மடற்பனை போன்றவர், அவரே மனமிரங்கித் தந்தாலன்றி எவரும் அணுக முடியாதவர். திடலில் இவரைக் காணாதவர் உண்டோ? பருத்திக் குண்டிகை போன்றவர், சிறிது சிறிதாக வலிந்து பிடுங்கினால் மட்டுமே தருபவர். நான்காவது முடத்தெங்கு. ஒருவர் தண்ணீர் ஊற்ற, அது வளைந்து அயலார் மனையில் காய் உதிர்க்கும். இந்த நான்காவதற்குத் தனிமனிதரைக் குறை சொல்ல மாட்டேன். அரசு செலவில் சிறப்புப் பயிற்சி பெற்றுத் திரும்பிய பயிற்றுநர், மறுமாதமே வேறோர் அலுவலுக்கு மாற்றப்படுகிறார். காய் விழும் மனை எதுவோ, பயிற்சிப் பள்ளியன்று.

காரணம் வெளிப்படையானது. பயிற்சிப் பள்ளிக்கு மாற்றம் என்றால் தண்டனை என்றே காவல்துறையில் பலர் கருதிவந்துள்ளனர். காவலர் பயிற்சியை ஆராய 1971இல் நடுவண் அரசு கோரே அவர்கள் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் கடந்துவிட்டது. 1977 முதல் 1981 வரை செயற்பட்ட தேசியக் காவல் ஆணையமும் பயிற்சியைப் பற்றிப் பேசியது. நிலையம் ஒன்றின் பொறுப்பில் இருப்பவருக்குக் கிடைக்கும் மதிப்பு, நூற்றுக்கணக்கான காவலரை உருவாக்குபவருக்கு இன்னும் கிடைத்தபாடில்லை. ஒரு கணக்கை மட்டும் சொல்கிறேன். பயிற்றுநர்களை உருவாக்கும் ஒருவர் ஆண்டுக்கு இருபது பேரை உருவாக்கி, அந்த இருபதின்மர் ஆளுக்கு நூறு காவலருக்குக் கற்பித்தால், ஓராண்டில் இரண்டாயிரம் கைகள் அவர் சொன்னபடி பிடிக்கும், அவர் சொன்னபடி விடும்.

இங்கே நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். "கைப்பயிற்சி குறைந்ததாலா காவலில் மரணங்கள் நிகழ்கின்றன? கட்டி வைத்து அடிப்பவருக்கு எந்தப் பிடி தெரிந்து என்ன பயன்?" என்று என் துணைவியார் கேட்டார். கேள்வி சரியானது. பூட்டிய அறைக்குள் நிகழும் கொடுமை திறன்குறைவால் வருவதன்று. அதற்கு மருந்து சட்டமும் தண்டனையும்தாம். 1996இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் கைதுக்கான நெறிகளை வகுத்தது. கைது செய்பவர் பெயர்ப்பட்டை அணிய வேண்டும், கைதுக் குறிப்பு எழுதி உறவினர் அல்லது ஊரார் ஒருவரின் கையொப்பம் பெற வேண்டும், காவலில் இருப்பவரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவர் பார்க்க வேண்டும் என்பன அவற்றுட் சில. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 46ஆம் பிரிவு, தப்பாமல் தடுக்கத் தேவையான அளவுக்கு மேல் எவரையும் கட்டுப்படுத்தக் கூடாது என்கிறது. பழைய சட்டத்திலும் இதே விதி இருந்தது. ஆனாலும் அறைக்குள் நடப்பதற்கும் திடலில் கற்பிப்பதற்கும் தொடர்பே இல்லை என்று நான் நம்பவில்லை. தேநீர் இடைவேளையில் பயிற்றுநர் ஒருவர் "ரெண்டு போட்டால் உண்மை தானே வரும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லும் வாக்கியம், பாடநூலின் நூறு பக்கங்களை விடவும் ஆழமாகப் பதிகிறது. அந்த வாக்கியத்தைச் சொல்லாத பயிற்றுநரை உருவாக்குவதும், சொல்பவரை வகுப்பிலிருந்து விலக்குவதும் மேலே இருக்கும் ஆசிரியரின் வேலை.

நம் சமூகப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை. பிள்ளை காவல் பணிக்குப் போகிறேன் என்றால் முகம் சுளிக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. தோல் தொழிற்சாலையில் மேலாளர், வளைகுடாவில் வேலை, இல்லையேல் கடை. 2015க்குப் பின் அந்தச் சுளிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை. நமக்கு எட்டாத துறை என்று ஒதுங்கினால் அந்தத் துறை நம்மை அறியாததாகவே இருக்கும். 2007 முதல் தமிழக அரசு வழங்கிவரும் 3.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீடு சீருடைப் பணித் தேர்வுக்கும் உரியதுதான். காவலராகச் சேருங்கள், சார்பு ஆய்வாளர் தேர்வு எழுதுங்கள் என்று மாணவரிடம் எல்லாரும் சொல்கிறார்கள். நான் அதற்கும் ஒரு படி மேலே சொல்கிறேன். பயிற்சிப் பள்ளி மாற்றத்தைத் தேடிப் பெறுங்கள். வடபுலத்துப் பயிற்சி நிலையங்களில் பயிற்றுநரை 'உஸ்தாத்' என்றே விளிப்பார்கள். மதரசாவில் நாம் மரியாதையோடு அழைத்த அதே சொல் அது. பெண்பிள்ளைகளுக்கு இது இன்னும் பொருந்தும். அதிகாலையிலும் இரவிலும் காலணித் தொழிற்சாலைப் பேருந்துகளில் வரும் ஆயிரக்கணக்கான பெண்களை நம் சாலைகளில் காண்கிறோம். அவர்களுள் ஒருவர் ஒரு வழக்கில் நிற்க நேர்ந்தால் அவரைத் தொடும் கை பெண் காவலரின் கையாக, பழகிய கையாக இருக்கவேண்டும்.

தமிழ்த்துறைக்கும் இதில் வேலை உண்டு. இந்தக் கலையின் நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் உள்ளன. பன்னிரண்டாம் வகுப்போடு காவலராக வரும் கிராமத்து இளைஞர் அவற்றைப் படிக்கப் போவதில்லை. பயிற்றுநரோ ஆங்கிலச் சொல்லைப் பாதியாக உச்சரித்துவிட்டுக் கையால் காட்டுகிறார். தெளிவான சொல் இல்லாத இடத்தில் தெளிவான விதி எப்படி நிற்கும்? முதுகலை மாணவர் சிலரைச் சேர்த்துக்கொண்டு, சிலம்பம் கற்பிக்கும் வாத்தியார்களிடமும் மற்போர் பழகியவர்களிடமும் சொற்கள் திரட்டத் தொடங்கியிருக்கிறோம். இதுவரை அறுபதுக்கு மேல் சேர்ந்துள்ளன. கட்டுக்குள் வந்தவரை மூச்சுத் தடைபடாமல் பக்கவாட்டில் திருப்பிக் கிடத்துவதற்கு என்ன சொல் இடுவது என்று இரண்டு நாள் அகராதிகளைப் புரட்டி, மூன்று கூட்டுச்சொற்களை ஆக்கி, அவை வாயில் நுழையாமல் தவித்தோம். அந்தக் காவலர் மாணவரிடம் தொலைபேசியில் கேட்டேன். "ஒருக்களிச்சுப் படுக்க வைக்கிறதுன்னுதான் ஐயா எங்க அம்மா சொல்லுவாங்க" என்றார். பட்டியலின் முதல் சொல்லாக அதை எழுதிக்கொண்டோம்.